கொசுறுக் குருவி

எங்கள் வீட்டில் நான் ஐந்தாவது. நாலு பிள்ளைகளோடு போதும் என்று அம்மா நினைத்திருந்தபோது தோட்டத்து லயத்தில் வந்து பிறந்தவள். பாட்டி என்னைக் 'கொசுறு' என்றுதான் கூப்பிடுவார். பாசமாகத்தான். ஆனால் காய்கறிக்காரர் பைக்குள் சும்மா போட்டுத் தரும் கறிவேப்பிலைக்கும் அதே பெயர்தான் என்று தெரிந்த வயதிலிருந்து அது எனக்குள் எங்கோ முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. கறிவேப்பிலையை என்ன செய்வோம்? வாசனைக்குப் போட்டுவிட்டு, சாப்பிடும்போது ஓரமாக ஒதுக்கிவிடுவோம்.

44 வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இனிப்பு நீர்தான், அதாவது சர்க்கரை வியாதிதான் காரணம். நம் மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் அப்படி வந்தவர்கள்தான். மலாய்க்காரர்கள் இதை 'சூச்சி டாரா' என்பார்கள், ரத்தம் கழுவுவது. செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்.

பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் 19 வருடம் வேலை பார்த்தேன். மெடிக்கல் போர்டு வைத்து நிறுத்தினார்கள். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்சனுக்கு ஃபாரம் நிரப்பும்போது ஆங்கிலத்தில் 'இன்வாலிடிட்டி' என்று இருந்தது. பக்கத்தில் இருந்த மகன், "அம்மா, பாஸ்வேர்டு தப்பா போட்டா கம்ப்யூட்டர்ல வர்ற வார்த்தை மாதிரியே இருக்கு" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். செல்லாது. செல்லாக்காசு. (அந்த சொக்சோ பணம் இல்லையென்றால் இன்று இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். குறை சொல்லவில்லை, அந்தச் சொல் செய்த வேலையைச் சொல்கிறேன்.)

அப்புறம் வந்தார்கள் ஆறுதல் சொல்கிறவர்கள். சொந்தக்கார அத்தை ஒருவர், "போன ஜென்மத்துப் பாவம்மா" என்றார். அவர் நம்பிக்கை அது, போகட்டும். ஆனால் எங்கள் செபக்கூட்டத்து அண்ணன் ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை. "தங்கச்சி, நம்பிக்கை முழுசா இருந்தா மெஷின் எதுக்கு? ஒரு வாரம் நிறுத்திட்டு உபவாசம் இரு. ஆண்டவர் செய்வார்." அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் கழுவாமல் விட்டால் சில நாட்களிலேயே உடம்பில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். இது தெரியாமல்தான் சொன்னார். தெரியாதவர் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாழ்க்கையில் நான் கண்ட மிகக் கொடுமையான வைத்தியம் ஊசி இல்லை. நோயாளியின் தலையில் அவள் நோயைக் கட்டிவிட்டு, அது தீராததற்கும் அவளையே குற்றவாளியாக்கும் இந்தப் பேச்சுதான்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைப் பார்த்துச் சீடர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: யார் செய்த பாவம்? "இவர் செய்த பாவமும் அல்ல, இவர் பெற்றோர் செய்த பாவமும் அல்ல" என்று இயேசு வெட்டிவிட்டார். யோவான் ஒன்பதாம் அதிகாரம். எத்தனையோ பேரைக் குணமாக்கிய திருத்தூதர் பவுலுக்கே உடலில் தைத்த முள் ஒன்று இருந்தது. எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டார். எடுக்கப்படவில்லை, "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அதே பவுல் தன் உடன் ஊழியர் திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு என்ன சொன்னார்? உன் நம்பிக்கை பத்தவில்லை என்றா? கொஞ்சம் திராட்சை மது குடி என்றார். அந்தக் காலத்தில் அது மருந்து. அண்ணன் இந்தப் பக்கங்களையெல்லாம் தாண்டிப் போயிருக்கிறார் போல.

புதுமைகளே நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு நடக்கவில்லை. இல்லை, நான் கேட்டது நடக்கவில்லை.

நடந்தது வேறு. எங்கள் கோயிலில் நோயாளிகளுக்கென்று ஒரு திருப்பலி வைத்து, எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுத்தார்கள். என் அம்மா காலத்தில் இதை அவஸ்தைப்பூசுதல் என்பார்கள். சாமியார் எண்ணெயோடு வீட்டுக்கு வந்தால் ஆள் தேறாது என்று அர்த்தம், அக்கம்பக்கத்தில் அழுகையே தொடங்கிவிடும். 1972-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கைப் புதுப்பித்த பிறகுதான், இது சாகிறவர்களுக்கு மட்டும் அல்ல, கடும் நோயோடு வாழ்கிறவர்களுக்கும் என்று தெளிவானது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயும் செல்லும் என்று அப்போதுதான் அனுமதித்தார்கள். அப்படியானால் செம்பனை எண்ணெய்கூட (பாமாயில்) செல்லும். நான் பிறந்த தோட்டத்தில் ரப்பரை அழித்து இப்போது அதுதான் நிற்கிறது.

ஃபாதர் என் நெற்றியில் பூசினார். பிறகு கைகளை நீட்டச் சொன்னார். என் இடது கையில் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கும், தொட்டால் உள்ளே வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும். அதை மறைக்கவே வெயிலிலும் நீளக்கை சட்டை போடுவேன். வலது கையை மட்டும் நீட்டினேன். ஃபாதர் பேசாமல் காத்திருந்தார். பின்னால் வரிசை நிற்கிறது. வேறு வழியில்லாமல் இடது கையையும் நீட்டினேன். உள்ளங்கையில் பூசியபோது அவர் விரல் மணிக்கட்டில் பட்டது, அந்த அதிர்வை உணர்ந்திருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை. ஒரு நொடிதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று இரவு மத்தேயுவில், "காசுக்கு இரண்டு சிட்டுக் குருவிகள் விற்பதில்லையா?" என்று படித்தேன். லூக்காவில் வேறு கணக்கு: இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவி? கொசுறு! அதற்கு விலையே கிடையாது. "எனினும் அவற்றில் ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை." எத்தனை முறை படித்த வசனம், சந்தைக்குப் போய் வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு எப்படிப் பிடிபடாமல் போனது?

மறுநாள் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. நீளக்கை சட்டையை மட்டும் மடித்து வைத்துவிட்டேன்.

என் சபை மக்களிடம் ஒன்று கேட்கிறேன். குணமாகாதவர்களைச் சாட்சி சொல்ல யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. அழைக்காவிட்டாலும் பரவாயில்லை, டயாலிசிஸ் முடிந்து தலைசுற்றலோடு பஸ்ஸுக்கு நிற்பவர்களை வாரத்தில் ஒரு நாள் காரில் ஏற்றி வீட்டில் விடுங்கள். நல்ல சமாரியர் காயத்துக்கு எண்ணெய் வார்த்ததோடு நிற்கவில்லை, ஏற்றிக்கொண்டும் போனார்.

2025-ல் புனித அன்னம்மாள் திருநாள், ஜூலை 26, சனிக்கிழமையில் வந்தது. காலையில் ஊசி, மாலையில் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அன்னம்மாள் திருத்தலம். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலத்தில் (1948-60) ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்த பழைய கோயிலுக்கு இன்று எவ்வளவு கூட்டம்! சீனர், தமிழர், இந்துக்கள், எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. பக்கத்து நாற்காலியில் ரத்தம் கழுவும் சீன ஆன்ட்டி தனக்கும் ஒன்று ஏற்றச் சொல்லியிருந்தார். கிறிஸ்தவர் இல்லை. என்ன வேண்டிக்கொள்ள என்று கேட்டேன். எங்களுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க இவ்வளவுதான் என்று தண்ணீருக்கு அளவு உண்டு.

"ஒரு பெரிய கிளாஸ் தே ஓ ஐஸ் லிமாவ்," (எலுமிச்சை பிழிந்த ஐஸ் தேநீர்) என்றார், "முழுசா."

அதையே வேண்டிக்கொண்டு ஏற்றினேன்.