ஜன்னலும் ரேடியேட்டரும் முதலில் பேசிக்கொள்ளட்டும்

ஸ்மார்ட் ஹோம் என்றாலே எல்லோருக்கும் முதலில் வேண்டியது பேச்சுதான். "அலெக்சா, ஹாலை 21 டிகிரி ஆக்கு" என்றதும் அது "ஓகே" சொன்னால் வந்த விருந்தாளி அசந்து போகிறார். சரி, அசரட்டும். ஆனால் ஜெர்மனியில் வாடகை வீட்டில் குளிர்காலம் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குரலைக் கடைசியில் சேருங்கள். ஜன்னல் சென்சாரும் ரேடியேட்டர் தெர்மோஸ்டாட்டும் முதலில் தங்களுக்குள் ஒத்துப்போகட்டும். காசு மிச்சமாவது அங்கேதான்.

இங்கே அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர் பெரும்பாலும் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும். சுவரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றுவிட வேண்டும். ஷ்டோஸ்லூஃப்டன் என்று வீட்டு ஓனர்கள் பலர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள். திறந்ததும் குளிர்காற்று இறங்கி நேராக ரேடியேட்டரின் வால்வுத் தலையில், அதாவது தெர்மோஸ்டாட்டில், விழும். அறையே குளிர்ந்துவிட்டதாக அது நினைத்து முழுசாகத் திறந்துகொள்ளும். நாம் தெருவுக்கு ஹீட்டர் போட்டுக்கொண்டிருப்போம்.

திறந்த ஜன்னலைக் கண்டுபிடிக்கும் வசதி பல தெர்மோஸ்டாட்டுகளில் உள்ளேயே உண்டு. வெப்பம் சட்டென்று இறங்குவதை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். சூடான ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கருவிக்கு அது உறைப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். ஜன்னலில் ஒட்டும் சென்சாருக்கு ஊகமே கிடையாது. ஒரு துண்டில் காந்தம், இன்னொன்றில் காந்தம் பக்கத்தில் இருப்பதை உணரும் ரீட் சுவிட்ச். விலகினால் திறந்திருக்கிறது, சேர்ந்தால் மூடியிருக்கிறது.

ஒட்டும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இங்குள்ள ஜன்னல் பக்கவாட்டிலும் திறக்கும், மேல்பக்கம் உள்ளே சாயவும் செய்யும். சாயும்போது கீழ் விளிம்பு அசைவதே இல்லை. கீழே ஒட்டிய சென்சார், நாள் முழுக்கச் சாய்ந்து கிடக்கும் ஜன்னலை மூடியிருப்பதாகச் சத்தியம் செய்யும். கைப்பிடி இருக்கும் பக்கத்து மேல் மூலைதான் சரியான இடம். டபுள் டேப் போதும். சட்டத்தில் துளை போட்டால் வீடு காலி செய்யும்போது டெபாசிட்டில் கை வைப்பார்கள். கழற்றிய பழைய வால்வுத் தலைகளையும் பத்திரப்படுத்துங்கள், அதுவும் ஓனருடையதுதான்.

அப்புறம் ஆட்டோமேஷன். "திறந்தால் குறை, மூடினால் பழைய அளவுக்குக் கொண்டுவா" என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். இரவு 10 மணிக்கு 17க்கு இறங்க வேண்டிய அறையில் 9.55க்குத் திறந்து 10.05க்கு மூடினால்? பழைய அளவு 21. விடிய விடிய 21தான். மூடியதும் அந்த நேரத்து அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஜன்னல் உள்ள அறையென்றால் இரண்டும் மூடிய பிறகுதான் சூடு திரும்ப வேண்டும். குறைப்பதிலும் ஒரேயடியாக அடைத்துவிடக் கூடாது. தெர்மோஸ்டாட்டில் பனிச்சின்னம் போட்ட நிலை, ஏறக்குறைய 6 டிகிரி, குழாய் உறைந்து வெடிக்காமல் காப்பதற்குத்தான் இருக்கிறது.

இத்தனையும் வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். கருவிகள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் ஜிக்பீயோ, த்ரெட்டோ, ஹோம் அசிஸ்டண்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருள் ஓடும் சின்னப் பெட்டியோ, எலி வளையானாலும் தனி வளை. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் படுத்தபோது அலெக்சாவும் சேர்ந்து படுத்தது. அதே மாதம் 25ஆம் தேதி, கூகுள் தன் முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளை ஆப்பிலிருந்து கழற்றிவிட்டது. சுவரில் போய்க் கையால் திருகலாம், போனிலிருந்து முடியாது.

அப்போ குரல் எதற்கு? கேட்பதற்கு. ஷூ மாட்டிக்கொண்டே "படுக்கையறை ஜன்னல் மூடியிருக்கா?" என்று கேட்பது உண்மையிலேயே சௌகரியம். மாவு பிசையும் கையோடு ஒரு டிகிரி ஏற்றச் சொல்வதும் சுகம்தான். ஆனால் உச்சவரம்பைத் தெர்மோஸ்டாட்டிலேயே 23 என்று பூட்டிவிடுங்கள். என் பெண்ணுக்கு அலெக்சாவிடம் 28 கேட்பது ஒரு விளையாட்டு. ஊரிலிருந்து வந்த அம்மா தமிழில் எவ்வளவு தன்மையாகச் சொல்லியும் அந்தப் பெட்டிக்கு ஏறவில்லை. அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார், ரேடியேட்டர் தானாக அடங்கியது.

வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியின் மேலிருக்கும் அலெக்சா ஸ்டிக்கரை விட்டுவிட்டு ஒன்று கேளுங்கள்: இன்டர்நெட் லைனைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்தால் வால்வு மூடுமா? கடைக்காரர் மழுப்பினால் அடுத்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.