மேப்புல இல்லைன்னா ஊர்லயே இல்லையா?

நேத்து ராத்திரி நம்ம போக்கிமான் கோ குரூப்புல நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீங்க. போனை வெச்சுக்கிட்டு நிஜ ஊர்ல நடந்து ஆடுற விளையாட்டு இது; கோயில், சிலை மாதிரி நிஜ இடங்கள்தான் இதுல ஸ்டாப், அங்க போய் போன்ல சுத்தினா பொருள் கிடைக்கும். மும்பை தாராவியில கல்லிக்குள்ள, அதாவது குறுகலான சந்துக்குள்ள, இருக்கிற அம்மன் கோயிலை ஒரு தம்பி ஸ்டாப்பா சேர்க்கச் சொல்லி மூணாவது தடவையா நாமினேட் பண்ணி, மூணாவது தடவையும் இடத்தை உறுதிப்படுத்த முடியலைன்னு திரும்பி வந்திருக்கு. அதுக்கு ஒரு அண்ணன், "அங்கதான் மேப்புல ஒண்ணுமே இல்லையேப்பா, மாட்டுங்கா வந்து விளையாடு"ன்னு எழுதினாரு. அதுக்கு வரிசையா லைக் வேற.

மேப்புல இல்லைன்னா யாரும் வரையலைன்னு அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம்.

போக்கிமான் கோவோட மேப் 2017 டிசம்பர்ல கூகுள்ல இருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறுச்சு. அது நம்மள மாதிரி ஆளுங்க சும்மா வரைஞ்சு கொடுக்கிற படம். நிறைய பேர் வீட்டுல உக்காந்து சாட்டிலைட் படத்து மேல கோடு இழுக்கிறாங்க. மாட்டுங்கா ஃபைவ் கார்டன் பூங்காவை அப்படி வரைஞ்சிடலாம், நடைபாதை வரைக்கும் மேல இருந்து தெரியும். தாராவி 60 அடி ரோட்டுக்கு உள்ள அது நடக்காது. ரெண்டு பக்கத்துத் தகரக் கூரையும் கல்லிக்கு மேல நீண்டு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும். மேல இருந்து பார்த்தா தகரமும் நீலத் தார்ப்பாயும்தான். அதுக்குக் கீழ நாள் பூரா ஜனம் நடக்கிற வழி படத்துல கிடையாது.

ஸ்டாப்பும் அப்படித்தான். ஆரம்பத்துல வந்த ஸ்டாப் பெரும்பாலும் 2012ல வந்த இன்க்ரெஸ் விளையாட்டுல ஆடினவங்க குறிச்சுக் கொடுத்த இடங்கள். அவங்க சுத்தின பேட்டையில ஸ்டாப் இருக்கு. இந்தக் கல்லிக்குள்ள அன்னிக்கு யார் வந்து குறிச்சாங்க?

தம்பி, ஓஎஸ்எம்ல, அதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புல, கோயிலை வரைஞ்சா ஸ்டாப் வந்துடாது. அது வேற, நாமினேஷன் வேற. உன் நாமினேஷனைப் பார்த்து முடிவு சொல்ற ரிவ்யூ பண்றவர் முன்னாடி இருக்கிறது உன்னோட ரெண்டு போட்டோவும் கூரை மட்டும் தெரியற சாட்டிலைட் படமும். தெருவைப் படம் எடுக்கிற கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார் கல்லிக்குள்ள நுழையாது. அதனால இடத்தைக் காட்டுற துணைப் போட்டோவுல வாசலை மட்டும் எடுத்தா உதவாது. பின்னால தள்ளிப் போய், கோயிலும் கல்லி முனையும் ஒரே படத்துல வர்ற மாதிரி எடு. ஆள் முகமும் வண்டி நம்பரும் விழக் கூடாது. 360 டிகிரி படம் ஒண்ணு எடுத்து கூகுள் மேப்ஸ்ல ஏத்தி வெச்சா பாதி சந்தேகம் தீர்ந்துடும்.

மேப்புல இடத்தைக் காட்டுற பின் குறியைக் கல்லிக்குள்ள நின்னு வைக்காதே. அங்க வானம் ஒரு கீத்துதான் தெரியும். ஜிபிஎஸ் சிக்னல் சுவத்துல தெறிச்சு சுத்தி வரும், அந்தக் கூடுதல் தூரத்தை ஃபோன் நிஜம்னு நம்பும். வெட்டவெளியில 5 மீட்டருக்குள்ள நிக்கிற புள்ளி இங்க பக்கத்துக் கல்லிக்குத் தாவிடும். முனையில, வானம் தெரியற இடத்துல, வைஃபை ஸ்கேனிங் ஆன் பண்ணி ரெண்டு நிமிஷம் நில்லு. புள்ளி அடங்கினதும் அங்கிருந்து கோயில் வரைக்கும் அடி எண்ணு. அந்தக் கணக்குக்கு சாட்டிலைட் படத்துல பின் குறியைக் கையால நகர்த்து.

எல்லாம் சரியா செஞ்சும் வராம போகலாம். கேம் பூமியை எஸ்2ன்னு சொல்ற கட்டம் கட்டமா பிரிச்சுப் பார்க்குது. அதுல 17ஆம் லெவல் கட்டம், பக்கத்துக்கு ஏறக்குறைய 70 மீட்டர். ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்டாப்னுதான் வருஷக்கணக்கா பார்த்துட்டு வர்றோம். நம்ம பக்கம் 70 மீட்டருக்குள்ள மூணு கோயில் இருக்கும். போக்கிமானை மோத விடுற ஜிம்முக்கு அதைவிடப் பெரிய 14ஆம் லெவல் கட்டம்: 2 இடம் சேர்ந்தா 1 ஜிம், 6 சேர்ந்தா 2, 20 சேர்ந்தா 3. பூங்கா உள்ள பேட்டைக்கு 20 ஒரு பெரிய விஷயம் இல்லை. இங்க முதல் ரெண்டுக்கே இந்தப் பாடு.

"கல்லிக்குள்ள கூட்டம் சேர்ந்தா குடியிருக்கிறவங்களுக்குத் தொந்தரவு"ன்னு சொல்றீங்க. நியாயம்தான். கூட்டமா சேர்ந்து ஒரு பெரிய போக்கிமானோட மோதுற ரெய்டுக்கு இருபது பேர் நிக்க அங்க இடமில்லை. ஆனா ஸ்டாப்பை 80 மீட்டர் தள்ளி நின்னே சுத்தலாம். பல கோயிலுக்கு மெயின் ரோட்டுல நின்னாலே போதும்.

"போக்கிமான் நிறைய வரணும்னு மேப்புல இல்லாத பார்க்கை வரையறாங்களே"ன்னா, அது திருட்டு. அவங்களோட எங்களைச் சேர்க்காதீங்க.

"எப்படியும் எல்லாத்தையும் இடிக்கப் போறாங்க"ன்னு ஒருத்தர். இடிக்கிற நாள் வரைக்கும் மனுஷங்க அங்கதான் இருக்காங்க ஐயா. அது வரைக்கும் அவங்களுக்கு வழியும் பேரும் வேணாமா?

விளையாட்டுக்கு இவ்வளவு கோபமான்னு கேட்காதீங்க. சாப்பாடு கொண்டு வர்ற பையன் மெயின் ரோட்டுல நின்னு போன் பண்றான், பாதை மேப்புல இல்லைன்னு. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுவலின்னா அங்க யாராவது ஓடிப் போய் முனையில நின்னு கை காட்டணும். தை முதல் நாள் 90 அடி ரோட்டுல வரிசையா அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிற நம்ம பெண்கள் இந்தக் கல்லிகள்ல இருந்துதான் பானையைத் தூக்கிட்டு வர்றாங்க. அங்க ஒண்ணுமே இல்லைன்னு எப்படி எழுத மனசு வந்துச்சு?

ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு டி ஜங்ஷன்ல கூடுறோம். கல்லி கல்லியா நடந்து வரையப் போறோம். முனைக்கு முனை புள்ளி எடுங்க. வகையை ஃபுட்வே, அதாவது நடக்கிற வழின்னு போடுங்க, ரோடுன்னு போட்டா மேப் பைக்கை உள்ள அனுப்பிடும். பேரைத் தமிழ்லயும் சேருங்க. மறுநாளே கேம்ல தெரியாது, மாசக்கணக்காகும். பவர் பேங்க் கொண்டு வாங்க.

அண்ணே, நீங்களும் வாங்க. அம்மன் கோயில்ல இருந்துதான் ஆரம்பிக்கிறோம்.