ரேவன்ஸுக்கு இன்னொரு வயதான ரிசீவர் வேண்டுமா?

மார்ச் மாதம் வந்துவிட்டால் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான பால்டிமோர் ரேவன்ஸின் ரசிகர்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். முப்பதைத் தாண்டிய ஏதாவது ஒரு வைட் ரிசீவரை (எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பவரை) வேறொரு அணி கழற்றிவிட்டிருக்கும், உடனே "இவரை நாம எடுத்தா என்ன?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வாட்ஸப் குழுவிலும் இதே கூத்துதான். பாதிப் பேர் "கிழவன் எதுக்கு" என்பார்கள், மீதிப் பேர் அவருடைய பழைய யூடியூப் வீடியோவைப் போடுவார்கள். இரண்டு பக்கமும் எனக்கு ஒப்பவில்லை, அதனால் இந்த நீளமான பதிவு. இந்த விளையாட்டில் ஆர்வமில்லாதவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஆளின் வயதையும் பெயரையும் பார்க்காமல், இத்தனை வருடம் அவர் எதை வைத்துப் பிழைத்தார் என்று பார்த்து எடுக்க வேண்டும். குவார்ட்டர்பேக் எறியும் பந்து ஒரு ரிசீவரிடம் வர வேண்டும் என்றால், தன்னை ஒட்டி ஓடிவரும் தடுப்பாட்டக்காரரிடமிருந்து அவர் ஒன்றிரண்டு அடியாவது விலக வேண்டும். சிலர் அதை வெறும் வேகத்தால் சாதிப்பார்கள். சிலர் நேராக ஓடுவதுபோல் போக்குக் காட்டிக் கடைசி நொடியில் சடாரென்று திரும்புவார்கள். இன்னும் சிலர் விலகவே மாட்டார்கள், ஆளைத் தோளால் அண்டக் கொடுத்துக்கொண்டே பந்தைப் பறித்துவிடுவார்கள். முப்பதுக்கு மேல் முதலில் போவது வேகம். மற்ற இரண்டும் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

இதற்கு ரேவன்ஸ் வரலாற்றிலேயே அச்சாக இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆன்குவான் போல்டின், 1980 அக்டோபரில் பிறந்தவர். லீ எவன்ஸ், 1981 மார்ச்சில் பிறந்தவர். ஐந்து மாதம்தான் வித்தியாசம். போல்டினை 2010இல் அரிசோனாவிடமிருந்து வாங்கினோம். எவன்ஸை 2011 ஆகஸ்டில் பஃபலோவிடமிருந்து நான்காவது சுற்று டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) வாய்ப்பைக் கொடுத்து வாங்கினோம். எவன்ஸ் வேகக்காரர், பஃபலோவில் நீளமான பந்துகளைத் துரத்திப் பிடித்தே பெயர் வாங்கியவர். போல்டினோ, கல்லூரியிலிருந்து வரும்போதே நாற்பது யார்டு ஓட 4.7 நொடி எடுத்த மனிதர், ரிசீவர் கணக்கில் அது நடை. அவருக்கு இழப்பதற்கு வேகமே இல்லை!

பால்டிமோருக்கு வந்த அந்த ஒரே சீசனில் எவன்ஸுக்குக் கணுக்கால் காயம் வேறு. மொத்தம் பிடித்தது 4 பந்து, அதில் அணி முன்னேறியது 74 யார்டு. அப்புறம் 2012 ஜனவரி 22, ஃபாக்ஸ்பரோவில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு எதிராக ஏ.எஃப்.சி. இறுதி ஆட்டம், ஜெயித்தால் சூப்பர் பவுல் என்கிற கோப்பை ஆட்டத்துக்குப் போகலாம். மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறோம், அரை நிமிடம்கூட மிச்சமில்லை. நம் குவார்ட்டர்பேக் ஃபிளாக்கோ எறிந்த பந்து எண்ட் ஸோனில் (கோட்டுக்கு அப்பால், பிடித்தால் புள்ளி விழுகிற இடம்) எவன்ஸின் இரண்டு கைக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. ஒரு கால் தரையில் பட்டது, அடுத்த கால் படுவதற்குள் ஸ்டெர்லிங் மூர் பந்தைத் தட்டிவிட்டார். நேராக சூப்பர் பவுலுக்குப் போயிருக்க வேண்டிய பந்து. அடுத்து, ஆட்டத்தைச் சமன் செய்ய வேண்டிய 32 யார்டு உதையை பில்லி கண்டிஃப் வெளியே அடித்தார், 23-20. ஊரே கண்டிஃபைத் திட்டியது, எனக்கு இன்றைக்கும் எவன்ஸ் மேல்தான் வருத்தம்.

அதற்கு அடுத்த வருடம் அதே அணி சூப்பர் பவுலுக்குப் போனது. நியூ ஆர்லியன்ஸில் சான் ஃபிரான்சிஸ்கோ 49ஏர்ஸுக்கு எதிராக, இடையில் மின்சாரம் போய் மைதானம் இருண்டதே, அந்த ஆட்டம்தான். நான்காவது குவார்ட்டரில் நாம் இரண்டே புள்ளி முன்னிலை. மூன்றாவது டவுன் (பந்தை முன்னேற்றுகிற முயற்சி), ஒரு யார்டுக்கும் குறைவாகத்தான் வேண்டும், எல்லாரும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள் என்றுதான் நினைத்தோம். ஃபிளாக்கோ நின்ற இடத்திலேயே ஆட்டத்தை மாற்றி போல்டினுக்கு எறிந்தார். எதிரணித் தடுப்பாட்டக்காரர் கார்லோஸ் ராஜர்ஸ் அவரை ஒட்டிக்கொண்டுதான் இருந்தார், ஓர் அடி இடைவெளிகூட இல்லை. போல்டின் உடம்பைத் திருப்பி, ராஜர்ஸின் கைக்கு எட்டாத பக்கமாகப் பந்தை எடுத்துக்கொண்டார். 15 யார்டு. அந்த ஆட்டத்தில் மட்டும் 6 பந்து, 104 யார்டு, ஒரு டச்டவுன் (எண்ட் ஸோனில் பந்தைச் சேர்ப்பது). 34-31, கோப்பை நமக்கு. அவருக்கு அப்போது வயது 32.

அப்புறம் நாம் செய்த காரியம் இருக்கிறதே! அவருடைய சம்பளத்தில் 2 மில்லியன் டாலரைக் குறைத்துக்கொள்ளச் சொன்னோம். அவர் முடியாது என்றார். கோப்பை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆறாவது சுற்று டிராஃப்ட் வாய்ப்புக்கு அதே 49ஏர்ஸிடமே தூக்கிக் கொடுத்தோம். அங்கே போய் முதல் ஆட்டத்திலேயே கிரீன் பேக்கு எதிராக 13 பந்து, 208 யார்டு. நாம் அந்த வருடம் எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி, பிளேஆஃபுக்கே போகவில்லை.

டெரிக் மேசனை டென்னசி கழற்றிவிட்டபோது அவருக்கு 31 வயது. 2005இல் நம்மிடம் வந்து நான்கு சீசன்களில் ஆயிரம் யார்டைத் தாண்டினார். ஸ்டீவ் ஸ்மித்தைக் கரோலைனா 2014 மார்ச்சில் வெட்டியது, அதே மாதம் நாம் எடுத்தோம். ஐந்தடி ஒன்பது அங்குலம், 34 வயது. செப்டம்பரில் கரோலைனா பால்டிமோருக்கு வந்தபோது தன்னை வேண்டாம் என்றவர்களுக்கு எதிராக 139 யார்டும் இரண்டு டச்டவுனும் அடித்தார், 38-10. அந்த ஆளிடம் வேகத்தைவிடக் கோபம்தான் அதிகம். கோபத்துக்கு வயதாவதில்லை போலிருக்கிறது.

சரி, ரேவன்ஸ் மட்டும் ஏன் வருடா வருடம் இந்தக் கடையிலேயே நிற்கிறது? முதல் காரணம், இளம் ரிசீவரைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கு ராசியே கிடையாது. 2000இல் பத்தாவது இடத்தில் டிராவிஸ் டெய்லர், 2015இல் முதல் சுற்றில் பிரெஷாட் பெரிமன், அவர் முழங்கால் காயத்தில் முதல் வருடம் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. தற்காப்பு வீரர்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் சரியாக எடுக்கும் அணி இது, ரிசீவர் என்றால் கை நடுங்கும். இரண்டாவது காரணம் கணக்கு. ஒப்பந்தம் முடிந்த நம் வீரர்கள் வேறு அணிக்குப் போய், நாம் அதைவிடக் குறைவாக வெளியிலிருந்து எடுத்திருந்தால், அடுத்த வருட டிராஃப்டில் ஈடாகக் கூடுதல் வாய்ப்புகளை லீக் கொடுக்கும். ஆனால் வேறு அணி வெட்டிவிட்ட வீரரை எடுத்தால் அது இந்தக் கணக்கில் ஏறாது. அதனால் ஆஸி நியூசம் மேலாளராக இருந்த காலத்திலிருந்தே வெட்டுப்பட்டவர்கள் மேல் ரேவன்ஸுக்கு ஒரு கண். ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருக்கிற குடும்பம் மாதிரி. நல்ல பட்டும் கிடைக்கும், சாயம் போவதும் கிடைக்கும்.

சாயம் போனதற்கு மைக்கேல் கிராப்ட்ரீ. 2018இல் வந்தார், 607 யார்டு. வேகத்தை நம்பி வாழ்ந்தவர் இல்லை, கையை நம்பி வாழ்ந்தவர்தான், ஆனால் அந்தக் கையே விட்டுவிட்டது. கிளீவ்லாந்தில் ஆட்டத்தை முடித்திருக்க வேண்டிய டச்டவுன் பந்தைத் தவறவிட்டார், ஓவர்டைமில் 12-9 என்று தோற்றோம். ஆக, என் விதியும் எல்லா இடத்திலும் ஓடாது.

இப்போது ஓடெல் பெக்கம். 2022 பிப்ரவரியில், ராம்ஸுக்காக ஆடிய சூப்பர் பவுலில் முழங்கால் தசைநார் கிழிந்தது, அதன்பிறகு ஒரு வருடம் முழுக்க ஆடவில்லை. 2023 ஏப்ரலில் நாம் அவருக்கு 15 மில்லியன் டாலர் உத்தரவாதம் கொடுத்தோம். அந்த வருடம் ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பே 224.8 மில்லியன்தான். கிடைத்தது 35 பந்து, 565 யார்டு, 3 டச்டவுன். நம் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் அப்போது தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார், பெக்கம் வந்த சில வாரங்களில் 260 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார், அதனால் அந்தப் பணம் வீணில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அது லமாரைத் தாஜா செய்யக் கொடுத்த பணம், ரிசீவருக்குக் கொடுத்ததாகக் கணக்கெழுதக் கூடாது. அந்த சீசன் முடிவில் கன்சாஸ் சிட்டியிடம் 17-10 என்று தோற்றபோது பெக்கம் பிடித்தது 22 யார்டு. முதல் வருடப் பையன் ஸே ஃபிளவர்ஸ் 115. கோட்டருகே பந்தை நழுவவிட்டவரும் அந்தப் பையன்தான், அது வேறு வயிற்றெரிச்சல்.

டிஆண்ட்ரே ஹாப்கின்ஸை 2025இல் சுமார் 5 மில்லியனுக்கு எடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. அவர் எந்தக் காலத்திலும் ஓட்டக்காரர் இல்லை, முழுக்க முழுக்கக் கைதான். பஃபலோவில் முதல் ஆட்டத்திலேயே ஒற்றைக் கையில் ஒரு டச்டவுன் பிடித்தார். (அந்த ஆட்டத்தையும் 41-40 என்று கோட்டைவிட்டோம், அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) அப்புறம் சீசன் முழுக்க அவர் பக்கம் அதிகம் பந்து வரவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். லமாரும் டெரிக் ஹென்றியும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற அணியில் மூன்றாவது ரிசீவருக்கு வாரத்துக்கு மூன்று பந்து வந்தாலே பெரிது. பெயர் பெற்ற ரிசீவர்கள் பலர் பால்டிமோர் என்றாலே யோசிப்பதற்கும் இதுதான் காரணம்.

இங்கேதான் ரசிகர்கள் பார்க்கத் தவறுகிற ஒன்று இருக்கிறது, தடுத்து நிற்பது. ஹென்றி பந்தோடு ஓரமாக ஓடும்போது எதிரணி ஆளை நெஞ்சோடு நெஞ்சு முட்டி நிறுத்துவது ரிசீவரின் வேலை. போல்டின் அதைப் பந்து பிடிப்பதைப்போலவே ரசித்துச் செய்தார். பந்து வரவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர் இதைச் செய்ய மாட்டார். முப்பத்திரண்டு வயதில் நட்சத்திரமாக இருந்த ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான், சம்பளம் அப்புறம்.

ராண்டி மாஸை யாராவது கொண்டுவருவீர்கள் என்று தெரியும். 2007இல் முப்பது வயது, சுத்தமான வேகக்காரர், நியூ இங்கிலாந்து நான்காவது சுற்று வாய்ப்புக்கு வாங்கி 23 டச்டவுன் பிடிக்க வைத்தது. ஜெரி ரைஸ் 40 வயதில் ஓக்லாந்தில் 1,211 யார்டு எடுத்ததையும் சொல்வீர்கள். ரைஸ் என் பக்கத்து சாட்சி, அவரும் வேகத்தை நம்பியவர் இல்லை. மாஸ் விஷயத்தில் உங்களுக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுகிறேன். ஆனால் மாஸுக்குப் பந்து எறிந்த குவார்ட்டர்பேக் டாம் பிரேடி, அந்த அணி வாரம் முழுக்க எறிந்துகொண்டே இருந்தது. நாம் அப்படி ஆடுகிற அணி இல்லை. ஆகவே அடுத்த மார்ச்சில் பெரிய பெயர் ஒன்று 15 மில்லியன் கேட்டு வந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஜூன், ஜூலையில் யாராவது வெட்டிவிட்ட, 4.7 நொடியில் ஓடுகிற, தடுத்து நிற்கத் தயங்காத முப்பத்திமூன்று வயது மனிதர் 5 மில்லியனுக்குக் கிடைத்தால் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.