சூத்திரத்துக்கு முந்தின வரி

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இயற்பியல் கணக்கு தப்பினால் வீட்டில் வரும் முதல் கேள்வி, "ஃபார்முலா மனப்பாடம் பண்ணலையா?" என்பதுதான். நோட்டை வாங்கிப் பாருங்கள், ஃபார்முலா பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோட்டை விட்டது அதற்கு முந்தின வரியில். கேள்வியில் கொடுத்ததைக் குறியோடும் அலகோடும் எடுத்து எழுத வேண்டிய அந்த வரியைப் பல பிள்ளைகள் எழுதுவதே இல்லை, நேராக எண்ணைப் போட்டுவிடுகிறார்கள்.

குவிலென்ஸ் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. தூரத்தில். பிம்பம் எங்கே? லென்ஸ் சமன்பாடு: 1/பிம்பத் தொலைவு − 1/பொருளின் தொலைவு = 1/குவியத் தொலைவு. பொருள் ஒளி வரும் பக்கம் இருப்பதால் அதன் தொலைவு −15. குவிலென்ஸ் என்பதால் குவியத் தொலைவு +10. இதை எழுதிவிட்டால் மீதி தானே வரும்: 1/10 − 1/15 = 1/30. பிம்பம் லென்ஸின் மறுபக்கம் 30 செ.மீ.யில் விழும். உருப்பெருக்கம் 30 ÷ (−15) = −2, அதாவது தலைகீழாக, இரண்டு மடங்கு.

அந்த மைனஸை விட்டால் 1/10 + 1/15 = 1/6, விடை 6 செ.மீ. பார்க்க எவ்வளவு அழகான எண்! தப்பென்று சந்தேகமே வராது. ஆனால் குவிலென்ஸ் தரும் மெய்ப்பிம்பம் ஒருபோதும் குவியத் தொலைவுக்குள் விழாது. 10-க்குள் 6 வந்தபோதே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். கதிர்ப்படத்தை ஓரத்தில் கிறுக்கலாகவாவது போடச் சொல்வது இதற்குத்தான். குவியத்துக்கும் அதன் இரு மடங்குத் தொலைவுக்கும் நடுவில் பொருள் இருந்தால், பிம்பம் 20 செ.மீ.க்கு அப்பால் பெரிதாக விழும் என்பது கணக்குப் போடும் முன்பே தெரிந்துவிடும். கோளக ஆடிக்கு (வளைந்த கண்ணாடிக்கு) உரிய சமன்பாட்டில், லென்ஸ் சமன்பாட்டின் நடுவில் இருக்கும் கழித்தல் குறிக்குப் பதில் கூட்டல் குறி வரும். இரண்டையும் ஒரே நாளில் படிக்கும் பிள்ளை குழம்புவதில் ஆச்சரியமில்லை.

அலகு விஷயத்திலும் இதே கதைதான். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் கார் பிரேக் பிடித்து, சீராக வேகம் குறைந்து 5 விநாடியில் நிற்கிறது. 72-ஐ 5/18-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 20 மீட்டர். சராசரி 10, எனவே 50 மீட்டர் ஓடி நிற்கும். மாற்றாமல் போட்டால் 180 வரும், பிள்ளையும் பக்கத்தில் "மீ" என்று எழுதிவிடும். பிரேக்கே பிடிக்காவிட்டாலும் அந்தக் கார் 5 விநாடியில் 100 மீட்டர்தானே போகும்! பரப்பளவு இன்னும் மோசம். சதுர செ.மீ.யைச் சதுர மீட்டராக்க 10,000-ஆல் வகுக்க வேண்டும், ஆனால் கை பழக்கத்தில் 100-ஆல் வகுக்கும். அழுத்தக் கணக்கில் 40,000 பாஸ்கல் வர வேண்டிய இடத்தில் 400 வந்து நிற்கும்.

பக்க இணைப்பு மின்தடையில் வேறொரு பொறி இருக்கிறது. 6 ஓம், 3 ஓம்: 1/6 + 1/3 = 1/2. அதோடு நிறுத்தி "விடை 1/2 ஓம்" என்று எழுதும் நோட்டுகள் ஏராளம். தலைகீழாக்கினால்தான் 2 ஓம். "தொகுபயன் மின்தடை (எல்லாத் தடைகளும் சேர்ந்து தரும் மொத்தத் தடை) இருப்பதிலேயே சிறிய தடையைவிடக் குறைவாக இருக்கும்" என்ற சோதனை இங்கே கை கொடுக்காது, ஏனென்றால் 1/2-உம் 3-ஐவிடக் குறைவுதான். இன்னொரு எல்லையும் வேண்டும்: இரண்டு தடைகள் என்றால் சிறியதில் பாதிக்குக் கீழே விடை போகாது. இங்கே 1.5-க்கும் 3-க்கும் நடுவில்தான் விடை. இதைப் பாடத்தோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம், இரண்டு நிமிட வேலை.

கைபேசியில் படம் பிடித்தால் செயலி மொத்தத் தீர்வையும் கொட்டிவிடுகிறது. செயலியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை தானாகப் போட்டு முடித்த பிறகு, எந்த வரியில் பிரிந்தோம் என்று ஒப்பிட அது நல்ல கருவி. முதலிலேயே திறந்தால் −15 எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமலேயே அது நோட்டுக்கு வந்துவிடும். திருத்துகிறவர்களும் கடைசி விடையை மட்டும் சிவப்பு மையில் சுழிக்காமல், முதலில் தவறிய வரியைச் சுழிக்கலாம். பொதுத்தேர்வில் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு, வீட்டுப்பாடத்தில் மட்டும் ஏன் விடையையே பார்க்க வேண்டும்?

கைடில் இருக்கும் விடையோடு பொருந்தவில்லை என்பதற்காக உடனே அடித்துவிடவும் வேண்டாம். 5 கிலோ நிறையின் எடை 49 நியூட்டனா 50 நியூட்டனா என்பது புவிஈர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுத்தார்களா 10 என்று எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. ஆரம் 7 செ.மீ. வட்டத்தின் பரப்பு 22/7 போட்டால் 154, 3.14 போட்டால் 153.86. கேள்வியில் எதுவும் சொல்லாமல் ஆரம் 7, 14, 21 என்று கொடுத்திருந்தால் 22/7 போடுங்கள், கீழே இருக்கும் 7-ஐ எளிதாகச் சுருக்கிவிடலாம். ஆரம் 10 என்றால் 3.14.