'டேபிள்' செய்தால் கிடப்பில் போட்டதாகாது

தணிக்கை அறிக்கை கேரள சட்டப்பேரவையில் 'டேபிள்' செய்யப்பட்டது என்றால் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று பொருள் என ஒரு பதிவு சொல்கிறது. அந்தப் பொருள் உண்டுதான், ஆனால் அமெரிக்காவில். பிரிட்டனிலும் நம் நாட்டிலும் நேர் எதிர்: அவை முன் வைத்தார்கள். அப்படி வைக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டப் பிரிவு 151(2) சொல்கிறது.

கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் பார்க்கலாம். முதலில் மேசை, அட்டவணை என்று பெயர்ச்சொல்தான் வரும். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கீழே வினைச்சொல்லுக்குப் போங்கள். இரண்டு பொருளும் 'யுகே', 'யுஎஸ்' என்ற குறியோடு தனித்தனியாக இருக்கும். பாலக்காட்டுக்காரர்களுக்கு அகராதிகூட வேண்டாம், மலையாளப் பேப்பரே போதும்: 'மேசப்புறத்து வச்சு' (மேசை மேல் வைத்தார்கள்) என்றுதான் போடுவார்கள்.