காசு கட்டினவனுக்கு மட்டும் பூட்டு

வடசென்னை ராயபுரத்துப் பெரியவர் ஒருத்தரைப் பார்த்து எல்லாரும் சிரிச்ச விஷயம்தான். பாட்டு ஆப்புக்கு ஒரு வருஷச் சந்தா கட்டி, அதுல 'டவுன்லோட்' பட்டனை அமுக்கி அமுக்கிப் பழைய பாட்டா சேர்த்தார். பேரன் அதை பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தான். ஹோம் தியேட்டர்ல சொருகினா 'நோ ஃபைல்'னு ஓடுது. அதுக்கு ஆளாளுக்குச் சிரிப்பு: "கண்டிஷன் படிக்கலையா தாத்தா?"

சிரிக்கிற மகராசங்களே, செட்டுல கோளாறு இல்ல. அந்த ஃபைல் பேரைப் பாருங்க. எழுத்தும் எண்ணுமா வால் மாதிரி நீளும், கடைசியில எம்பி3ன்னு இருக்காது. பாட்டை என்கிரிப்ட் பண்ணி, அதாவது வேற செட்டுக்குப் புரியாதபடி பூட்டி, சாவியை ஆப் தன் இடுப்புல சொருகி வெச்சிருக்கு. ஸ்பாட்டிஃபைல இறக்கி வெச்சாலும் 30 நாளைக்கு ஒருமுறையாவது நெட்டுக்கு வந்து தலையைக் காட்டணும். பஜார்ல மெமரி கார்டுல ஏத்திக்கிட்டவனுக்கு இந்தத் தலைவலி உண்டா? காசு கட்டினவனுக்கு மட்டும்தான் பூட்டு.

"பூட்டு இல்லன்னா திருடுவாங்களே"ம்பீங்க. 2007ல ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே எழுதினார்: முந்தின வருஷம் ஆன்லைன்ல பூட்டோட வித்தது 200 கோடிப் பாட்டுக்கும் கீழ, சிடில பூட்டே இல்லாம வித்தது 2,000 கோடிக்கும் மேல. முன்வாசலைத் திறந்து போட்டுட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள். 2009ல ஆப்பிளோட ஆன்லைன் பாட்டுக் கடையான ஐட்யூன்ஸ் பாட்டுப் பூட்டையே கழட்டிடுச்சு. கம்பெனி என்ன குடி முழுகியா போச்சு?

"சந்தான்னா வாடகைதானே?" சரி, ஒத்துக்கறேன். அப்போ பட்டன்ல 'வாடகை'ன்னு எழுதுங்க.

விலைக்கே வாங்கினாலும் பூட்டு இருந்தா இதே கதிதான். எம்எஸ்என் மியூசிக்னு மைக்ரோசாஃப்ட் நடத்தின ஆன்லைன் பாட்டுக் கடையில வாங்கினவங்களுக்கு இனிமே புதுக் கம்ப்யூட்டருக்குச் சாவி கிடையாதுன்னு 2008ல அந்தக் கம்பெனி சொல்லிச்சு. ஊரே கத்தினதும் தள்ளிப்போட்டாங்க. நம்ம ஊர்ல ஃப்ளிப்கார்ட் 2012ல ஃப்ளைட்னு ஆன்லைன் பாட்டுக் கடை போட்டு, பூட்டில்லாத எம்பி3 வித்துச்சு. அடுத்த வருஷமே கடையை மூடிட்டாங்க. ஆனா இறக்கி வெச்சவங்ககிட்ட அந்தப் பாட்டு இன்னிக்கும் பாடும்.

மொத்தமா காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பாட்டை மட்டும் வாங்கி, பென் டிரைவ்ல போட்டு, நெட் இல்லாத வேற செட்டுல ஓட்டிப் பாருங்க. பென் டிரைவ் 32 ஜிபிக்குள்ள, ஃபேட்32 ஃபார்மட்ல (ஃபைலை அடுக்கி வைக்கிற முறை) இருக்கட்டும். 64 ஜிபி பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்ங்கற வேற முறையில வரும், பழைய செட்டுக்கு அது புரியாது. ஐட்யூன்ஸ் பழைய ஃபைல்னா, பேர் கடைசியில எம்4பின்னு இருந்தா பூட்டு போட்டது, எம்4ஏன்னு இருந்தா பூட்டில்லாதது. எம்4ஏவையும் சில செட்டு எடுக்காது, எம்பி3யா மாத்திக்கணும்.

ஒருத்தர் சட்டம் பேசினார். பதிப்புரிமைச் சட்டத்துல 2012 திருத்தத்துல வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறுற நோக்கத்தோட பூட்டை உடைச்சா 2 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சொல்லுது. நோக்கம்னு இருக்குல்ல சார்? மத்தியானம் சாப்பிட்டுட்டு ஈசிசேர்ல சாய்ஞ்சு கேட்கணும், பெரியவர் நோக்கம் அவ்வளவுதான்.

எனக்கு வலிக்கிறது வேற. காசிமேட்டுப் பையன் ஓசியில பாட்டு ஏத்தினா "அந்த ஏரியாவே அப்படித்தான்"ம்பீங்க. உடனே திருட்டு சிடிக்குப் பேர்போன பர்மா பஜார் ஜோக்கு வேற. அதே ஏரியாக்காரர் ஒழுங்கா பணம் கட்டினா 'விவரம் பத்தாத தாத்தா'. எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்களுக்கு ஒரு பேரு ரெடியா வெச்சிருக்கீங்க.

அந்த பென் டிரைவ் இன்னும் செட்டுலயேதான் இருக்கு. ஃபார்மட் பண்ணித் தரவான்னு பேரன் கேட்டானாம். "அழிச்சிடாதடா, காசு கட்டினது"ன்னாராம்.