மீன்காரன் தூக்கிச் சாப்பிட்ட போலீஸ் தொடர்

'தி நாக்அவுட்' என்ற சீனத் தொடரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். போலீஸ்காரனை நாயகனாக வைத்து எடுத்தார்கள், மனதில் நின்றதோ ரவுடி. ஏன் என்று கேட்டால் ரவுடியாக வரும் ஜாங் சோங்வென்னின் நடிப்பு என்று பதில் வரும். நடிப்பு பிரமாதம், சந்தேகமே இல்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால், மூன்றாம் பகுதியிலும் அதே மனிதர்தானே நடிக்கிறார்? அங்கே மட்டும் ஏன் கொட்டாவி வருகிறது?

கதையை மறைக்காமல்தான் எழுதப் போகிறேன். பார்க்கும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கொஞ்சம் பின்னணி. ஷு ஜிஜோ இயக்கிய இந்தத் தொடர் 2023 ஜனவரி 14 அன்று அரசுத் தொலைக்காட்சியின் சிசிடிவி-8 அலைவரிசையிலும் ஐச்சியி தளத்திலும் ஒன்றாகத் தொடங்கியது. சீனப் புத்தாண்டு விடுமுறை முழுக்க அந்த ஊரில் இதே பேச்சுதான். மொத்தம் 39 எபிசோடுகள். தொடர்கள் 40 எபிசோடுகளைத் தாண்ட வேண்டாம் என்று அங்கே 2020-ல் அரசு அறிவுறுத்தியிருந்தது, அதற்கு ஒன்று குறைவு. அதற்கும் முன்னால், 2004-ல், குற்றக் கதைத் தொடர்களையே இரவு முக்கிய நேரத்திலிருந்து அப்புறப்படுத்தியவர்கள் அவர்கள். பல வருடங்கள் கழித்து இணையத் தளங்களின் 12 எபிசோடு குறுந்தொடர்கள்தான் இந்த வகைக்கு மறுபடி உயிர் கொடுத்தன. அப்படிப்பட்ட ஊரில், போலீஸுக்குள்ளேயே இருக்கும் ஊழலைப் பற்றிய ஒரு தொடர் அரசு அலைவரிசையில் முக்கிய நேரத்தில் வருகிறது என்றால் சும்மா வராது. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் சட்ட விவகாரக் குழுவின் வழிகாட்டுதலோடு எடுக்கப்பட்ட தொடர் இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜிங்ஹாய் என்ற கற்பனை நகரம். 2000, 2006, 2021 என்று மூன்று காலங்கள். முதல் காலத்தில் காவ் சிச்சியாங் ஒரு மீன் வியாபாரி. அப்பா அம்மா இல்லை, தம்பியையும் தங்கையையும் ஆளாக்கிவிட்டவன். சந்தையை ஆட்டிப்படைக்கும் தாங் சகோதரர்களோடு அடிதடியாகி, புத்தாண்டுக்கு முந்தைய இரவில் ரத்தக் காயத்தோடு காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே ஆன் ஷின் என்ற இளம் போலீஸ்காரன் அவனுக்குக் கொழுக்கட்டை சாப்பிடக் கொடுக்கிறான். நம் ஊர்க் கொழுக்கட்டை இல்லை, மாவுக்குள் கறியை வைத்து வேகவைக்கும் அவர்கள் ஊர்ப் புத்தாண்டுப் பலகாரம். பசியும் அவமானமும் நன்றியும் ஒன்றாகக் கலந்து அவன் அதைச் சாப்பிடுவதைப் பார்த்தவுடன் நாம் அவன் பக்கம் போய்விடுகிறோம். மீதி 38 எபிசோடுகளும் நம்மைத் திரும்ப இழுக்கப் போராடுகின்றன.

ஆனால் எனக்கு அந்தக் காட்சியை விட அதற்கு அடுத்து நடப்பதுதான் தொடரின் உச்சம். ஒரு போலீஸ்காரன் இவனுக்குத் தெரிந்தவன் என்ற செய்தி சந்தைக்குள் பரவுகிறது. நேற்று வரை மிரட்டியவர்கள் இன்று இறங்கிப் பேசுகிறார்கள். காவ் பொய் கூடச் சொல்ல வேண்டியதில்லை, மறுக்காமல் இருந்தால் போதும். ஒரு நல்லவன் காட்டிய சாதாரண இரக்கம் இன்னொருவனுக்குத் தொழில் மூலதனமாக மாறிவிடுகிறது. ஆன் ஷின்னுக்கு அது தெரியவே தெரியாது. இப்படி ஒரு ரவுடியின் பிறப்பை நான் வேறு எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. பழிவாங்கும் வெறி, சின்ன வயதுக் காயம், துரோகம் என்று வழக்கமாக வரும் எதுவும் இங்கே முதலில் வருவதில்லை. யாரைத் தெரியும் என்பதில் தொடங்குகிறது எல்லாம்.

அதன் பிறகு ஒவ்வொரு படியும் சின்னதுதான். தம்பிக்கு ஒரு போன் கடை வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒருவனின் தயவு வேண்டும். அந்தத் தயவுக்கு விலையாக யாரையோ போய் மிரட்ட வேண்டும். மிரட்டப் போன இடத்தில், பெரிய தாதா ஷு ஜியாங்கின் மகன் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கப் போய்ச் செத்துக் கிடக்கிறான். காவ் அவனைத் தொடக்கூட இல்லை. ஆனால் இனி பின்வாங்க வழியும் இல்லை. பயம்தான் அவனைத் தள்ளிக்கொண்டு போகிறது, பேராசை ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. அந்தத் தாதாவாக வரும் ஜியா பிங் அங்கே நகைச்சுவை நடிகராகப் பெயர் பெற்றவர். மகனை இழந்த அப்பனாக அவர் கத்தும்போது சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தொடரில் யாரும் போதுமான அளவு பேசாத ஒரு விஷயம் உண்டு. ஆன் ஷின்னின் நேர்மைக்கும் ஒரு பின்புலம் இருக்கிறது. பணியில் இறந்த போலீஸ்காரர்களின் மகன் அவன். வளர்த்தவர்கள் ஆன் சாங்லின், மெங் தஹாய் என்ற இரண்டு உயர் அதிகாரிகள். ஊருக்கே தெரியும், இவன் மேலே கை வைத்தால் இரண்டு மாமாக்கள் கேட்பார்கள் என்று. மேலதிகாரியை எதிர்த்துப் பேச அவனால் முடிகிறது, வேலை போகாது. அவனுடைய கூட்டாளி லி ஷியாங்குக்கு அப்படி யாரும் இல்லை. கிராமத்திலிருந்து வந்தவன். தன் குருவின் கறையை வெளியில் சொல்லாமல் மறைத்த ஒரே ஒரு முடிவு அவனை வருடக்கணக்கில் இன்னொருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. 2006-ல் உயிரையும் வாங்குகிறது. என்னைக் கேட்டால் தொடரின் உண்மையான சோகக் கதை லி ஷியாங்குடையதுதான். நேர்மையாக இருக்கவும் ஒருவனுக்கு வசதி வேண்டியிருக்கிறது என்பதை அரசுத் தொலைக்காட்சியில் ஓடும் தொடர் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியிருப்பது சாதாரணமில்லை.

2006 பகுதி ஏற்ற இறக்கம். காவ் இப்போது கோட் சூட் போட்ட கட்டுமான முதலாளி. வயதான தாதா ஒருவரைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துக் கும்பிட்டு மேலே வந்துவிட்டான். மாங் கிராமத்து நிலத் தகராறு, போதைப்பொருளில் இறங்கும் தம்பி என்று சரக்கு நிறைய இருக்கிறது. "லாவ் மோ, எனக்கு மீன் சாப்பிடணும் போல இருக்கு" என்று காவ் தன் அடியாளிடம் சொன்னால் எங்கோ ஒருவன் சாகப் போகிறான் என்று அர்த்தம். அந்த வசனம் சீனா முழுக்க மீம் ஆனது. ஆனால் இங்கேயே ஒரு களைப்பு எட்டிப் பார்க்கத் தொடங்குகிறது. ஆன் ஷின் ஆதாரத்தை நெருங்குவான், சாட்சி செத்துப்போவான், மேலிடம் தடுக்கும். மறுபடியும் நெருங்குவான், மறுபடியும் அதே. நான்கைந்து முறை பார்த்த பிறகு போலீஸ்காரர்கள் மேல் இரக்கம் போய் எரிச்சல்தான் வருகிறது.

பெண் பாத்திரங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. காவ் யெ நடித்த சென் ஷுதிங் விதிவிலக்கு. பேரம் பேசத் தெரிந்த, யாரிடமும் அழாத, மகனுக்காக மட்டும் இளகும் பெண். காவ் சிச்சியாங்குக்கு முதலாளியாக நடந்துகொள்ளச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான். மூன்றாம் பகுதி தொடங்கும்போது அவள் உயிரோடு இல்லை. இவ்வளவு பலமான ஒருத்தியை அப்படிக் கழற்றிவிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பத்திரிகையாளராக வரும் மெங் யூவின் வேலை, ஆன் ஷின்னுக்காகக் காத்திருப்பதும் பிறகு வேறு ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்வதும். அவ்வளவுதான்.

சரி, 2021-க்கு வருவோம். போலீஸைச் சுத்தப்படுத்த மேலிடத்திலிருந்து ஒரு வழிகாட்டும் குழு ஜிங்ஹாய்க்கு வருகிறது. தலைவராக வூ காங். நல்ல நடிகர், ஆனால் அவருக்குக் கொடுத்திருப்பது நாற்காலியும் சொற்பொழிவும்தான். கூட்டம் நடக்கிறது, கோப்பு திறக்கிறது, கண்ணில் உறுதி தெரிகிறது. பல இடங்களில் வாயசைப்பு ஒன்றாகவும் வசனம் வேறாகவும் ஓடுகிறது. எடுத்து முடித்த பிறகு வசனங்களை மாற்றி டப்பிங் செய்திருக்கிறார்கள் என்பது மாண்டரின் தெரியாத எனக்கே புரிந்தது. தோபான் என்ற சீன விமர்சனத் தளத்தில் 9-க்கு மேல் தொடங்கிய மதிப்பெண் 8.5-க்கு இறங்கியதற்கு இந்தப் பகுதிதான் காரணம் என்று அங்கேயே புலம்பித் தீர்த்தார்கள்.

ஆனால் டப்பிங்கும் அவசரமும் மேலோட்டமான குறைகள். அடிப்படைக் கோளாறு வேறு. யாரைத் தெரியும் என்பதுதான் இந்த நகரத்தின் நோய் என்று முதல் பகுதி அவ்வளவு அழகாகக் காட்டியது. மூன்றாம் பகுதி அதற்குச் சொல்லும் மருந்து என்ன? ஊர்க்காரர்கள் யாரையும் விடப் பெரிய இடத்து ஆள் ஒருவர் வந்து இறங்குகிறார். ஆன் ஷின்னின் இரண்டு மாமாக்களுக்கு மேலே இன்னும் பெரிய மாமா. இருபது வருடம் நகராத வழக்கு சில வாரங்களில் நகர்ந்துவிடுகிறது. அந்தக் குழு வராமல் போயிருந்தால்? அடுத்த ஊருக்குக் குழு வரவில்லை என்றால்? தொடர் இதைக் கேட்கவே இல்லை. கேட்க முடியாது என்பதும் தெரியும், யாருடைய வழிகாட்டுதலில் எடுத்தார்கள் என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் முதல் பத்து எபிசோடுகளை எழுதியவர்களுக்கு இந்த முரண் தெரியாமல் இருந்திருக்காது.

வாழ்க்கையில் நடப்பது இதைவிட விசித்திரமாக இருக்கிறது என்பதுதான் கொடுமை. யுன்னான் மாகாணத்தின் குன்மிங் நகரத்து சுன் ஷியாவ்குவோ வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டவன் அதற்கப்புறம் வெளியே வந்து இரவு விடுதிகள் நடத்திக்கொண்டிருந்தான். அம்மாவும் வளர்ப்புத் தந்தையும் போலீஸில் இருந்தவர்கள், அவர்களுடைய செல்வாக்குதான் எல்லாக் கதவையும் திறந்தது. சிறைக்குள் இருந்தபடியே திருட்டுப் போகாத சாக்கடை மூடி ஒன்றைக் கண்டுபிடித்ததாகக் காப்புரிமை வாங்கி, அதைக் காட்டித் தண்டனையைக் குறைத்திருக்கிறார்கள்! சீன அரசு நாடு முழுக்க நடத்திய ரவுடி ஒழிப்பு இயக்கத்தின்போது 2019-ல்தான் இது அம்பலமானது, 2020 பிப்ரவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தச் சாக்கடை மூடியைப் பாருங்கள். விண்ணப்பம் எழுதியவர், முத்திரை குத்தியவர், கையெழுத்துப் போட்டவர் என்று எத்தனை சாதாரண மனிதர்கள் அதற்குள் இருக்கிறார்கள். அதிகாரம் எப்படி வளைகிறது என்பதை இப்படி ஒரு காகிதம் சொல்லிவிடும். தொடரின் மூன்றாம் பகுதியோ, ஒரு கெட்ட பெரிய அதிகாரி, அவருக்கு மேலே இன்னொரு கெட்ட அதிகாரி என்று ஏணி கட்டிக்கொண்டே போகிறது. உச்சியில் இருப்பவரைப் பிடித்தால் வேலை முடிந்தது என்கிறது.

மூன்றாம் பகுதியிலும் ஒரு நூல் மட்டும் உயிரோடு இருக்கிறது. லாவ் மோவின் மகளைக் காவ் தன் மகளாக வளர்க்கிறான். அவள் என்ன தெரிந்துகொண்டாள், என்ன செய்யப் போகிறாள் என்பது அந்தக் கூட்டங்கள் எல்லாவற்றையும் விட விறுவிறுப்பு. அதற்கு ஒதுக்கியிருப்பதுதான் கொஞ்சம்.

ஆன் ஷின்னாக வரும் ஜாங் யீயைப் பலர் மட்டம் தட்டுகிறார்கள், அது நியாயமில்லை. குற்றப் பிரிவிலிருந்து போக்குவரத்து, அங்கிருந்து விளம்பரப் பிரிவு என்று ஓரங்கட்டப்பட்டு, தலை முழுக்க நரைத்து, எதையும் எதிர்பார்க்காத குரலில் பேசும் மனிதனாக அவர் மாறியிருப்பது நுணுக்கமான வேலை. எதிரே இருப்பவனுக்கு எழுதிக் கொடுத்ததில் பாதி கூட அவருக்கு எழுதவில்லை. பசியும் தம்பி தங்கையும் இருக்கிற பாத்திரத்துக்கு முன்னால் கடமையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நடிகர் எவ்வளவுதான் செய்வார்?

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நன்றாக மீன் விற்க வேண்டுமானால் சுன் சூவின் 'போர்க்கலை'யைப் படி என்று ஆன் ஷின் போகிற போக்கில் சொல்வான், காவ் நிஜமாகவே படித்துவிடுவான். தொடர் ஓடிய நாட்களில் அந்தப் புத்தகம் அங்கே கடைகளில் பறந்தது. படப்பிடிப்பு நடந்த குவாங்டோங்கின் ஜியாங்மென் நகரத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போய், காவ் சாப்பிட்ட பன்றிக்கால் நூடுல்ஸை வரிசையில் நின்று வாங்கினார்கள். கீழே தாழ்வாரம் விட்டு மேலே வீடு கட்டிய பழைய கடைத்தெருக்கள் நிறைந்த ஊர் அது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஆட்களுக்கு அந்தத் தெருக்கள் பழகிய முகமாகத் தெரியும். ஆன் ஷின்னைப் பார்த்து யாரும் எதையும் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2000 பகுதியைக் கட்டாயம் பாருங்கள், செல்போனை ஒதுக்கிவைத்துவிட்டு. 2006 பகுதியை சென் ஷுதிங்குக்காகவும் லி ஷியாங்குக்காகவும் பாருங்கள். அதற்குப் பிறகு வழிகாட்டும் குழு மேஜையைச் சுற்றி உட்காரும் காட்சி வந்தாலே தாராளமாக ஓட்டிவிடலாம், கதை ஒன்றும் தப்பிப்போகாது. ஜாங் சோங்வென்னை இன்னும் பார்க்க வேண்டும் என்றால் 2020-ல் வந்த 'தி பேட் கிட்ஸ்' இருக்கிறது. அதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு முதல் கல்யாணத்து மகனைக் கைவிட்ட அப்பாவாக வருவார். அது 12 எபிசோடுகள்தான்.